எதிராளி ஜெயிக்க வேண்டும்

2024 மார்ச் கடைசியில், நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரத்தில், ஒரே அரங்கத்தில் எட்டுக் கல்லூரிகளின் பெண்கள் கூடைப்பந்து அணிகள் மாறி மாறி ஆடிக்கொண்டிருந்தன. தேசியப் போட்டியின் கடைசிப் பதினாறு அணிகளில் பாதி அங்கே, மீதிப் பாதி நாட்டின் மறுகோடியில் போர்ட்லண்டில். மார்ச் 31 அன்று சவுத் கரோலைனா பல்கலைக்கழகம் ஓரிகான் ஸ்டேட்டை 70–58 என்று வென்று கடைசி நான்குக்குள் நுழைந்துவிட்டது. அதன் ரசிகர்கள் நிம்மதியாகப் பெட்டியைக் கட்டியிருக்கலாம். ஆனால் மறுநாள் மாலை அதே தரையில் அயோவாவும் லூசியானா ஸ்டேட்டும் மோதவிருந்தன. அதில் அயோவா தோற்றுவிட்டால், ஓராண்டாக அவர்கள் மனத்துக்குள் ஆடிப் பார்த்துவந்த ஆட்டம் நடக்காமலே போய்விடும்.

அயோவாவின் நட்சத்திரம் கெய்ட்லின் கிளார்க்கை எப்படியாவது வீழ்த்த வேண்டும் என்றிருந்தவர்கள், அதற்காகவே கெய்ட்லின் கிளார்க் ஜெயிக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்ள வேண்டிய நிலை. இந்த விவகாரத்தில் எனக்குப் பிடித்த இடமே இதுதான். லீக் முறையில் ஆடும் விளையாட்டுகளில் இந்தச் சங்கடம் வராது. அட்டவணை முன்கூட்டியே அச்சாகிவிடும். எதிராளி எந்தத் தேதியில் எந்த ஊருக்கு வருவார் என்று தெரியும். அதுவரை அவர் எக்கேடு கெட்டாலும் நமக்குக் கவலையில்லை. தோற்றால் வெளியே என்ற போட்டியில் பகையாளியை நம் வாசல்வரை பத்திரமாகக் கூட்டிவரும் பொறுப்பு நம் தலையில் விழுகிறது. அவருக்குக் காயம் படக்கூடாது, காய்ச்சல் வரக்கூடாது, இடையில் வேறு யாரும் அவரை வீழ்த்திவிடக் கூடாது. இவ்வளவையும் வேண்டிக்கொள்கிறவர்களை விரோதி என்று எப்படிச் சொல்வது?

கிளார்க் அன்று ஏமாற்றவில்லை. 41 புள்ளிகள், ஒன்பது மூன்றுபுள்ளி வீச்சுகள், 12 அசிஸ்ட். அயோவா 94–87 என்று ஜெயித்தது. அது அவர்களுக்கே ஒரு பழைய கணக்கு: முந்தைய ஆண்டு இறுதிப்போட்டியில் லூசியானா ஸ்டேட் அவர்களை 102–85 என்று புரட்டிப்போட்டு, கடைசி நிமிடத்தில் அதன் ஆட்டக்காரர் ஏஞ்சல் ரீஸ் மோதிர விரலைக் காட்டிக்கொண்டு கிளார்க்கின் பின்னாலேயே நடந்திருந்தார். ஆகவே அயோவாக்காரர்கள் ஒரு கடனைத் தீர்த்த நேரத்தில், கரோலைனாக்காரர்கள் தங்கள் கடனுக்கு ஒரு படி நெருங்கினார்கள். பாக்கி இருந்தது ஒரே படி: அயோவா அரையிறுதியில் யூகான் எனப்படும் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தைத் தாண்ட வேண்டும்.

கடன் என்னவென்று சொல்ல வேண்டும். 2023 மார்ச் 31, டல்லஸ். சவுத் கரோலைனா நடப்புச் சாம்பியன். அந்தப் பருவத்தில் ஆடிய 36 ஆட்டத்திலும் வெற்றி. முந்தைய பருவத்தையும் சேர்த்தால் தொடர்ந்து 42. அரையிறுதியில் எதிரே அயோவா. கிளார்க் 41 புள்ளி எடுத்தார் (இந்த எண் அவருக்குப் பழக்கம் போலிருக்கிறது), 77–73 என்று கதை முடிந்தது. கரோலைனாவின் பலம் உயரமும் உடல்வலுவும். வளையத்துக்கு அடியில் அவர்களோடு மல்லுக்கு நிற்க முடியாது என்று அயோவாவுக்குத் தெரியும். அதனால் பயிற்சியாளர் லீசா ப்ளூடர் ஒரு துணிச்சலான கணக்குப் போட்டார். வெளியே நிற்கிறவர்களைத் தடுக்காதே. உள்ளே கூட்டமாக நில். அவர்கள் தூரத்திலிருந்து வீசட்டும், பார்த்துக்கொள்ளலாம். கரோலைனா அன்று 20 முறை மூன்றுபுள்ளிக்கு வீசியது, விழுந்தது நான்கு.

அந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான் அந்தக் கையசைவு. கரோலைனாவின் ரேவன் ஜான்சன் என்ற இளம் பாயின்ட் கார்டு மூன்றுபுள்ளிக் கோட்டுக்கு வெளியே பந்தோடு நிற்கிறார். அவரைக் காக்க வேண்டியவர் கிளார்க். ஆனால் கிளார்க் நாலைந்து எட்டு பின்னாலேயே நின்றுகொண்டு, முகத்தைக்கூடச் சரியாகத் திருப்பாமல், ஒரு கையை மேலும் கீழும் அசைக்கிறார். ஈ ஓட்டுவது போன்ற அசைவு. வீசு, வீசிக்கொள், உன் பக்கத்தில் வருகிற அளவுக்கு நீ முக்கியமில்லை. ரேவன் வீசவில்லை. பந்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு நகர்கிறார். மொத்தமே ஓரிரு விநாடி.

அந்தக் காணொளித் துண்டு கோடிக்கணக்கான கைபேசிகளில் சுற்றியது. அதைப் பார்த்து, கூடைப்பந்தையே விட்டுவிடலாமா என்று தோன்றியதாக ரேவன் பின்னால் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அடுத்த பருவத்தை அவர் பழிவாங்கும் பயணம் என்றே அழைத்தார். கோடை முழுக்க வீச்சுப் பயிற்சியில் கிடந்தார். அரங்கத்தில் தோல்வி எல்லோருக்கும் பொது. அவமானம் ஒருவருக்குத்தான் விழும். மற்றவர்கள் தோற்றார்கள், இவர் தோற்றதோடு காட்சிப்பொருளும் ஆனார். ரசிகர்களின் பொதுவான மனக்குறைக்கு ஒரு முகம் கிடைத்தது அப்படித்தான்.

சவுத் கரோலைனா அணிக்கு கேம்காக்ஸ் என்று பெயர், சண்டைச் சேவல்கள். ஆட்டத்தின் நடுவே ஒலிபெருக்கியில் சேவல் கூவும். நம் பக்கத்துச் சேவற்கட்டில் தோற்ற சேவலுக்கு மறுவாய்ப்பு கிடையாது. கோச்சை என்று பேர் வாங்கிக்கொண்டு அன்றைக்கே குழம்புக்குப் போய்விடும். ஜெயித்தவன் கைக்குத்தான் கறியும் போகும். கல்லூரி விளையாட்டும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான், சற்று நாகரிகமாக. வழக்கமாக நான்கு ஆண்டு ஆடலாம், பிறகு கதவு சாத்தப்படும். டல்லஸில் தோற்ற அணியின் முதல் ஐவரும் அந்தக் கோடையில் கிளம்பிவிட்டார்கள். அலியா பாஸ்டன், ஸியா குக், ப்ரியா பீல் எல்லாம் 2019-இல் ஒன்றாக வந்து சேர்ந்த கூட்டம். நான்கு ஆண்டுகளில் 129 வெற்றி, ஒன்பது தோல்வி. அந்த ஒன்பதாவது தோல்விதான் கடைசி ஆட்டம். கிளார்க்கிடம் தோற்றுக் கிளம்பிவிட்ட பாஸ்டனுக்குக் கல்லூரிச் சீருடையில் கிளார்க்கை மறுபடி சந்திக்க வழியே இல்லை.

அப்படியானால் மறுமோதல் யாருக்கு? 2023–24 அணியில் முக்கியமாக ஆடியவர்களில் சிலர் டல்லஸில் பெஞ்சில் இருந்து எழுந்து வந்து ஆடியவர்கள். சிலர் அப்போது பள்ளியில் இருந்தார்கள். மிலேசியா ஃபுல்வைலி, பல்கலைக்கழகம் இருக்கும் கொலம்பியாவிலேயே பிறந்து வளர்ந்தவர், உள்ளூர்ப் பெண், அவருக்கு அந்தத் தோல்வி ரசிகையின் தோல்வியாகவே வலித்திருக்கக்கூடும். மினசோட்டாவிலிருந்து வந்த டெஸ்ஸா ஜான்சன் மாதிரி வெளியூர்ப் புதியவர்களுக்கு அது கேள்விப்பட்ட சங்கதி. தோற்றவர்கள் போய்விட்டார்கள், தோல்வியைச் சுமந்துகொண்டு அதே இருக்கையில் உட்கார்ந்திருப்பவர் ரசிகர் மட்டும்தான். கொலம்பியாவின் 18,000 பேர் அமரும் கலோனியல் லைஃப் அரங்கத்தில் பருவச் சீட்டு வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு நான்காண்டுக் கெடு கிடையாது. அணியின் நினைவு என்று ஒன்று இருந்தால் அது அவரிடம்தான் இருக்கிறது. வாங்காத கடனைப் புதிதாக வந்த பிள்ளைகள் அடைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் கொஞ்சம் அநியாயமும் இருக்கிறது. சொந்தக் குடும்பத்தில் இதைச் செய்தால் கண்டிப்போம்.

அந்த அரங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டான் ஸ்டேலி 2008-இல் பயிற்சியாளராக வந்தபோது முதல் பருவத்தில் பத்து வெற்றி, பதினெட்டுத் தோல்வி. பெண்கள் ஆட்டத்துக்கு யாரும் வராத ஊர். பத்து ஆண்டுகளுக்குள் நாட்டிலேயே அதிகக் கூட்டம் சேரும் அரங்கமாக அது ஆகிவிட்டது. 2023–24-இல் சராசரி 16,000-ஐத் தாண்டியது. அரங்கத்துக்குச் சற்றுத் தொலைவில் மாநிலச் சட்டமன்றம். அதன் வளாகத்தில் அடிமை முறைக்காகப் போரிட்டவர்களின் கொடி 2015 ஜூலை வரை பறந்துகொண்டிருந்தது. அதே ஊரில் வெள்ளைக்காரத் தாத்தாக்களும் கறுப்பினப் பாட்டிகளும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கறுப்பினப் பெண் பயிற்றுவிக்கும் அணிக்காகத் தொண்டை வற்றக் கத்துகிறார்கள். ஸ்டேலி அவர்களைக் குடும்பம் என்றுதான் அழைப்பார். நான் இதை உருகிச் சொல்லவில்லை. ஒரு விளையாட்டரங்கம் ஊரைத் திருத்திவிடாது. ஆனால் அவர்களுடைய வீம்பைப் புரிந்துகொள்ள இது தெரிந்திருக்க வேண்டும். கட்டியெழுப்பியது தங்கள் கை என்ற நினைப்பு உள்ளவர்களுக்குத் தோல்வி வேறுவிதமாக உறைக்கும்.

டல்லஸ் ஆட்டத்துக்கு முன் ப்ளூடர் ஒரு வார்த்தையை விட்டிருந்தார். கரோலைனாவோடு ரீபவுண்டுக்குப் போவது சாராயக்கடைச் சண்டைக்குப் போவது மாதிரி என்று இன்னொரு பயிற்சியாளர் தன்னிடம் சொன்னதாக. அவர் அதைப் பாராட்டாகவே சொல்லியிருக்கலாம். ஆனால் பெரும்பாலும் வெள்ளையினப் பெண்கள் ஆடும் அணியின் பயிற்சியாளர், பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள் ஆடும் அணியைப் பற்றிச் சொன்னால், அந்தச் சொல் எங்கே போய் விழும் என்பது அமெரிக்காவில் எல்லோருக்கும் தெரியும். ஆட்டம் முடிந்து, தோற்ற களைப்போடு உட்கார்ந்திருந்த ஸ்டேலி அதற்குப் பதில் சொன்னார். என் பிள்ளைகள் அடியாட்கள் இல்லை, நீங்கள் அவர்களை நெருங்கித் தெரிந்துகொண்டால் இப்படிப் பேச மாட்டீர்கள் என்பது அதன் சாரம். தோல்வியின் மேல் இப்படி ஒரு கீறல் விழுந்தது. மறுமோதலுக்கான பசி வெறும் 77–73 பற்றியது அல்ல.

ஸ்டேலியையே எடுத்துக்கொண்டால், மறுமோதல் பற்றி அந்த நாட்டில் அவரளவு அறிந்தவர் குறைவு. வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு ஆடிய காலத்தில், 1991 இறுதிப்போட்டியில் டென்னஸீயிடம் கூடுதல் நேரத்தில் 70–67 என்று தோற்றார். தோற்ற அணியில் இருந்தும் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான். அடுத்த ஆண்டு அரையிறுதியில் ஸ்டான்ஃபர்டிடம் 66–65. அதோடு கல்லூரி முடிந்தது. பட்டம் கிடைக்கவேயில்லை. பிறகு மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கினார், 2004-இல் ஏதென்ஸில் அமெரிக்கக் கொடியை ஏந்திப் போனார், ஆனால் அந்த ஒரு புள்ளியைத் திரும்பப் பெற வழி இருக்கவில்லை. 29 ஆண்டு கழித்து, 2021 அரையிறுதியில், அவருடைய கரோலைனா அணி ஸ்டான்ஃபர்டிடம் தோற்றது. எண்ணிக்கை: 66–65. எதிர்ப் பெஞ்சில் அதே பயிற்சியாளர், டாரா வான்டர்வீர். கதையில் எழுதினால் ஆசிரியர் திருத்தச் சொல்வார். அந்த ஆட்டத்தில் கடைசி விநாடியில் பந்து விழாமல் அழுத அலியா பாஸ்டன் அடுத்த ஆண்டு கோப்பையைத் தூக்கினார். வீழ்த்தியது ஸ்டான்ஃபர்டை அல்ல, யூகானை. ஸ்டான்ஃபர்ட் அரையிறுதியிலேயே யூகானிடம் தோற்று வெளியேறியிருந்தது. கோப்பை கிடைத்தது, கணக்கு தீரவில்லை. இரண்டும் வேறு வேறு என்பதைக் கரோலைனா ரசிகர்கள் அப்போதே கற்றிருக்க வேண்டும்.

2023–24 பருவத்தில் கரோலைனா மறுபடி தோற்காமல் போய்க்கொண்டிருந்தது. முதல் ஆட்டம் பாரிஸில், நோட்ர டாம் அணிக்கு எதிராக, 100–71. ஒருமுறை கழுத்துவரை வந்தது: தன் கல்லூரிக் கூட்டமைப்பின் போட்டி அரையிறுதியில் டென்னஸீயிடம் இரண்டு புள்ளி பின்தங்கி, ஒரு விநாடி பாக்கி. அப்போது ஆறடி ஏழங்குல கமிலா கார்டோசோ மூன்றுபுள்ளிக் கோட்டிலிருந்து வீசினார். கல்லூரி வாழ்க்கையில் அதுவரை அவர் ஒரு மூன்றுபுள்ளியும் போட்டதில்லை. பந்து பலகையில் மோதி விழுந்தது. 74–73.

இவ்வளவு நடந்தும் நாடு பேசியது வேறொருவரைப் பற்றி. கிளார்க் அந்தக் குளிர்காலம் முழுவதும் சாதனைகளைத் துரத்திக்கொண்டிருந்தார். அக்டோபரில் அயோவாவின் கால்பந்து மைதானத்தில் ஒரு காட்சி ஆட்டத்துக்கு 55,646 பேர் வந்தார்கள். பிப்ரவரி 15 அன்று என்.சி.ஏ.ஏ. எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் பெண்கள் கூடைப்பந்துப் புள்ளிச் சாதனையைத் தாண்டினார். அதைத் தாண்டிய பந்தை வீசியது மைதானத்தின் நடுவே வரைந்திருக்கும் சின்னத்துக்குப் பக்கத்திலிருந்து. மார்ச் 3 அன்று ஆண்களில் பீட் மராவிச் வைத்திருந்த 3,667-ஐயும் கடந்து, அந்தச் சங்கத்தின் முதல் நிலை ஆட்டத்தில் ஆண்கள், பெண்கள் இரு பிரிவிலும் முதலிடம். போகிற ஊரிலெல்லாம் அரங்கம் நிரம்பியது. எதிரணியின் ஊர்ச் சிறுமிகள் அயோவாவின் 22 எண் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

ஒரு தோல்வியும் இல்லாத அணியின் ரசிகராக இருந்துகொண்டு, தன் அணியை இன்னொருவர் கதையின் கடைசி அத்தியாயத்தில் வரும் தடைக்கல்லாகப் பார்க்க நேர்வது எப்படி இருக்கும்? தொலைக்காட்சியில் கேள்வி எப்போதும் கிளார்க் பட்டம் வாங்குவாரா என்றுதான் இருந்தது. சாதனை நாயகி, இறுதி முயற்சி, எதிரே பெரிய சுவர். சுவருக்கும் பெயர் உண்டு, ஊர் உண்டு என்று கொலம்பியாவிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. இந்த எரிச்சல் நியாயமானது. அதே சமயம் அதற்குள் ஒரு பொருமலும் உண்டு: நம்மை ஏன் யாரும் இப்படிப் பார்ப்பதில்லை என்ற பொருமல். அதற்கு மருந்து கிளார்க்கின் கையில்தான் இருந்தது. அவரை வீழ்த்தினால்தான் அவரைப் பார்க்க வந்த அத்தனை பேரும் நம்மைப் பார்ப்பார்கள்.

கெடுவும் நெருங்கிவிட்டது. கொரோனாக் காலத்தில் ஆடியவர்களுக்குக் கூடுதலாக ஓர் ஆண்டு தந்திருந்தார்கள். கிளார்க் விரும்பினால் 2025 வரை அயோவாவிலேயே இருந்திருக்கலாம். பிப்ரவரி 29 அன்று, போகிறேன் என்று அறிவித்தார். இரண்டு அணிகளும் வெவ்வேறு கூட்டமைப்புகளைச் சேர்ந்தவை, வழக்கமான அட்டவணையில் அந்தப் பருவத்தில் சந்திக்கவில்லை. தேசியப் போட்டியின் வரைபடம் வெளிவந்தபோது இரண்டும் எதிரெதிர்ப் பாதியில் இருந்தன. சந்தித்தால் இறுதியில் மட்டும். சந்திக்காவிட்டால் என்றைக்கும் இல்லை.

ரசிகர்களில் விவரமான ஒரு தரப்பும் இருக்கும், எந்த ஊரிலும். பழியாவது கிழியாவது, கோப்பை வந்தால் போதும், கிளார்க்கை யூகானே வீட்டுக்கு அனுப்பிவிட்டால் நல்லது என்பவர்கள். 41 புள்ளியை இன்னொரு முறை எதிரே நின்று பார்க்கும் ஆசை அவர்களுக்கு இல்லை. புத்திசாலிகள். ஆனால் அவர்களுக்குள்ளும் இரவு படுக்கும்போது அந்தக் கையசைவு வந்துபோயிருக்கும் என்றே நினைக்கிறேன். எளிதான வழியில் வந்த கோப்பைக்குப் பக்கத்தில், கிளார்க்கிடம் ஆடியிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற கேள்வி ஆயுளுக்கும் நின்றுகொண்டிருக்கும். 2022 கோப்பைக்குப் பக்கத்தில் ஸ்டான்ஃபர்ட் நிற்பதுபோல.

ஏப்ரல் 5, க்ளீவ்லண்ட். கரோலைனா தன் அரையிறுதியை 78–59 என்று முடித்துவிட்டது. அடுத்த ஆட்டத்தில் அயோவா 70, யூகான் 69, நான்கு விநாடிக்கும் குறைவு, பந்து யூகானிடம். அப்போது நடுவரின் விசில். யூகானின் ஆலியா எட்வர்ட்ஸ் நகர்ந்துகொண்டே மறைத்தார் என்று ஃபவுல். அது ஃபவுல்தானா என்று இன்றும் சண்டை நடக்கிறது. யூகான் ரசிகர்களுக்கு அது அநீதி, அயோவாவுக்கு விதி, கரோலைனாவுக்கு, அவர்கள் ஆடாத ஆட்டத்தில் ஒரு நடுவர் ஊதிய விசிலில் மறுமோதல் கைக்கு வந்தது. ஓராண்டுக் காத்திருப்பு இவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியிருக்கிறது.

இறுதிப்போட்டி ஏப்ரல் 7 மதியம்; நமக்கு நள்ளிரவு தாண்டி அரை மணி. தொடங்கியதும் அயோவா 10–0. கிளார்க் முதல் கால் ஆட்டத்திலேயே 18 புள்ளி எடுத்தார், எந்த இறுதிப்போட்டியிலும் ஒரு கால் ஆட்டத்தில் யாரும் எடுக்காத அளவு. காத்திருந்தவர்கள் வயிற்றில் என்ன கரைந்திருக்கும் என்று ஊகிக்கலாம். கேட்டு வாங்கியது இதைத்தானே. முழு பலத்தோடு வா என்று வேண்டிக்கொண்டார்கள், வந்துவிட்டார்.

பிறகு ஆட்டம் மெதுவாகத் திரும்பியது. திரும்பிய விதம் மிகச் சாதாரணமானது. வீரச்செயல் எதுவும் இல்லை. கரோலைனாவின் பெஞ்சிலிருந்து ஆள் வந்துகொண்டே இருந்தார்கள், அயோவாவின் ஐவர் ஆடிக்கொண்டே இருந்தார்கள். முடிவில் பெஞ்சுப் புள்ளிகள் 37–0. ரீபவுண்ட் 51–29. கார்டோசோ மட்டும் 17. முதலாண்டு மாணவி டெஸ்ஸா ஜான்சன் 19 புள்ளி. டல்லஸில் இல்லாதவர், அந்தக் கையசைவைப் பார்த்தவர்களில் ஒருவர் மட்டுமே.

ரேவனுக்கு வருகிறேன். கோடை முழுதும் வீசிப் பழகியவர்; அந்தப் போட்டியிலேயே இண்டியானா பல்கலைக்கழகத்துக்கு எதிராக, கடைசி நிமிடத்தில் ஒரு மூன்றுபுள்ளி போட்டு அணியைக் காப்பாற்றியவர். அதனால் கதையின் நியாயப்படி இறுதிப்போட்டியில் அவர் கிளார்க்கின் முகத்துக்கு நேரே தூரத்திலிருந்து வீசி வளையத்தை நிரப்பியிருக்க வேண்டும். நடந்தது வேறு. அன்று அவர் வீசியவற்றில் பெரும்பாலானவை விழவில்லை. ஆனால் முதல் பாதி முடிய சில விநாடிகள் இருக்கும்போது, கிளார்க் மைதான நடுவில் பந்தைத் தட்டிக்கொண்டு நேரம் கடத்திக்கொண்டிருந்தார். ரேவன் எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில். பந்து தரையிலிருந்து எழும்பும் ஒரு நொடியில் அந்தக் கை போய் அதைப் பறித்தது. பிறகு யாரும் இல்லாத பாதி மைதானம், ஓட்டம், லே-அப். 49–46. டல்லஸில் பக்கத்தில் வரக்கூடத் தகுதியில்லை என்று கைகாட்டப்பட்டவர், க்ளீவ்லண்டில் அவர் பக்கத்தை விட்டு நகரவேயில்லை. முதல் கால் ஆட்டத்தில் 18 எடுத்த கிளார்க், மீதி மூன்றிலும் சேர்த்து எடுத்தது 12.

87–75. தோல்வியே இல்லாத 38 ஆட்டம். காகிதத் துணுக்குகள் கொட்டிக்கொண்டிருந்தபோது ஒலிவாங்கியைப் பிடித்த ஸ்டேலி, தானாகவே கெய்ட்லின் கிளார்க் பேச்சை எடுத்தார். இந்த விளையாட்டைத் தோளில் தூக்கிச் சுமந்ததற்கு அவருக்குத் தனிப்பட்ட முறையில் நன்றி என்றார். பெருந்தன்மை என்று எழுதினார்கள். பெருந்தன்மைதான். ஆனால் அதில் கணக்கறிந்தவரின் நேர்மையும் உண்டு. 2022-இல் இதே ஸ்டேலி இதே கோப்பையைத் தூக்கியபோது அமெரிக்காவில் பார்த்தவர்கள் சுமார் 48 லட்சம். இப்போது ஒரு கோடியே 87 லட்சத்துக்கும் மேல். அதே ஆண்டு ஆண்கள் இறுதிப்போட்டியைப் பார்த்தவர்களைவிட அதிகம். அப்படி நடந்தது அதுதான் முதல் முறை. கரோலைனா ரசிகர்களின் வெற்றிக்கு இத்தனை கோடிக் கண்களையும் கூட்டிவந்தது அவர்கள் வெறுத்த பெண். பழிதீர்க்கச் சாட்சிகள் வேண்டும். சாட்சிகளுக்கு வண்டிச்சத்தம் கொடுத்து அழைத்து வந்தது எதிராளியே.

டல்லஸ் தோல்வி அழிந்ததா என்றால் இல்லை. புத்தகத்தில் 2023 பருவம் 36–1 என்றுதான் இருக்கும். பாஸ்டனின் கடைசி ஆட்டம் அதுதான், அதை டெஸ்ஸா ஜான்சனின் 19 புள்ளி மாற்றாது. அந்தப் பாஸ்டன் இண்டியானா ஃபீவர் என்ற தொழில்முறை அணியில் முந்தைய ஆண்டே முதல் தேர்வாகச் சேர்ந்திருந்தார். க்ளீவ்லண்ட் முடிந்து எட்டாம் நாள் அதே இண்டியானா முதல் தேர்வாக எடுத்தது கிளார்க்கை. தன் கல்லூரி வாழ்க்கையை முடித்துவைத்தவரின் பந்தை வாங்கி வளையத்தில் போடுவது இனி பாஸ்டனுக்கு வேலை. பாஸ்டனுக்காகத் தொலைக்காட்சியைப் போடும் கொலம்பியாக்காரர்கள், கிளார்க்கின் பாஸ் சரியாகப் போய்ச் சேர வேண்டும் என்று பதைபதைக்க வேண்டியதாயிற்று. கார்டோசோவும் ஏஞ்சல் ரீஸும் சிகாகோவில் ஒரே அணியில் போய்ச் சேர்ந்தார்கள். தொழில்முறை விளையாட்டு இந்தப் பகைகளை ஒரு மாதத்துக்குள் கலைத்துப் போட்டுவிட்டது. ஆட்டக்காரர்களுக்கு அது இயல்பு, சம்பளம். ரசிகருக்குத்தான் முகத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை.

அதற்குள் அடுத்தது தொடங்கிவிட்டது. 2025 பிப்ரவரி 16 அன்று யூகான் கொலம்பியாவுக்கே வந்து, கலோனியல் லைஃப் அரங்கத்தில் 71 ஆட்டமாகத் தோற்காத கரோலைனாவை 87–58 என்று அடித்தது. சொந்த வீட்டில், 29 புள்ளி வித்தியாசத்தில். ஏழு வாரம் கழித்து டாம்பாவில் இறுதிப்போட்டி, அதே இரண்டு அணிகள். கரோலைனா ரசிகர்கள் மறுமோதல் வாய்த்துவிட்டது என்று விமானம் ஏறியிருப்பார்கள். எதிரே யூகானின் பெய்ஜ் பெக்கர்ஸ். 2022 இறுதியில் கரோலைனாவிடம் 64–49 என்று தோற்ற அணியில் இருந்தவர். பிறகு முழங்கால் தசைநார் கிழிந்து ஒரு பருவம் முழுக்கப் படுத்தவர். மூன்று ஆண்டாக இறுதிப்போட்டியில் இதே எதிராளிக்காகக் காத்திருந்தவர். அதாவது அந்த ஆட்டம் யூகானுடைய மறுமோதல். கரோலைனாவுக்கு அதில் கிடைத்தது கிளார்க்கின் வேடம். 82–59.

பெக்கர்ஸ் அந்த மாதமே தொழில்முறைக்குப் போய்விட்டார். கொலம்பியாக்காரர்களுக்கு அவரோடு இனி ஆட்டம் கிடையாது. ஆனால் அன்று 24 புள்ளி எடுத்துச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய அஸி ஃபட் யூகானிலேயே இன்னும் ஓராண்டு ஆடப்போவதாக இறுதிப்போட்டிக்கு முன்பே அறிவித்திருந்தார். இன்னொரு 24 எடுத்த சேரா ஸ்ட்ராங் அப்போது முதலாண்டு மாணவி. மூன்று பருவம் பாக்கி இருந்தது.